அனுப்புகிறவரை யார் கேட்பது?

தகவல் பெருத்துவிட்டது, மனித மூளை தாங்காது, ஆகவே ஆளுக்கொரு அறிவார்ந்த டிஜிட்டல் உதவியாளர் வேண்டும். இந்த வாதத்துக்கு எதிர்வாதமே கிடையாது என்கிற நிலை வந்துவிட்டது. போன் விற்கிறவர் சொல்கிறார், மென்பொருள் விற்கிறவர் சொல்கிறார், மேலாண்மைப் பயிற்சி நடத்துகிறவரும் சொல்கிறார். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றும் மின்னஞ்சலைச் சுருக்கித் தரும் வசதியைத் தங்கள் சரக்குகளுக்குள் பதித்துவிட்டன. 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ ‘பல்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பயனரின் பழைய உரையாடல்களை இரவில் புரட்டி, அனுமதி கொடுத்தால் அஞ்சலையும் நாள்காட்டியையும் பார்த்து, விடிந்ததும் அவருக்கென்றே பொறுக்கிய சேதிகளை அட்டை அட்டையாக அது நீட்டும். தகவல் சுமையால் அவதிப்படுகிறவருக்கு மருந்து, அவர் கேட்காத இன்னும் கொஞ்சம் தகவல்! இதிலுள்ள வேடிக்கையை யாரும் பெரிதாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

மறுப்பு எழுதுகிறவர் எதிர்த்தரப்பை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரிலும் பிற சமயக் கொள்கைகளை எடுத்துச் சொல்லும் பரபக்கம்தான் முன்னால் வருகிறது. இந்த எதிர்த்தரப்பு இளப்பமானதும் இல்லை. 1994இல் எம்ஐடி ஊடக ஆய்வகப் பேராசிரியர் பேட்டி மாஸ், வேலைப்பளுவையும் தகவல் சுமையையும் குறைக்கக்கூடிய மென்பொருள் முகவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பயனர் எந்த அஞ்சலை வந்தவுடன் திறக்கிறார், எதைப் படிக்காமலே அழிக்கிறார், எதை எந்தக் கோப்பில் போட்டு வைக்கிறார் என்று பக்கத்திலிருந்து பார்த்தே கற்றுக்கொள்ளும் முகவர் அது. அவருடைய குழு அப்படி ஒன்றைச் செய்தும் காட்டியது. மாக்ஸிம்ஸ் என்று பெயர். அன்றைய கணினிக்குத் திறமை போதவில்லை, இன்றைய கணினிக்குப் போதும், எனவே முப்பது ஆண்டுகளுக்கு முன் போட்ட திட்டம் இப்போது நிறைவேறப் போகிறது என்பதே எதிர்த்தரப்பின் சாரம்.

திறமையைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். வாதம் புறப்படும் இடமே கோணலாக இருக்கிறது. தகவல் சுமையை ஏதோ புயல், மழை மாதிரிப் பேசுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு அறிவிப்புக்கும் அஞ்சலுக்கும் ஃபார்வர்டுக்கும் பின்னால் அதை அனுப்பிய ஓர் ஆளோ நிறுவனமோ உண்டு. அனுப்ப ஆகும் செலவு ஏறக்குறைய பூஜ்யம். படிக்க ஆகும் செலவு முழுக்க வாங்குகிறவர் தலையில். ஒரு மேலாளர் நாற்பது பேருக்கு நகல் வைத்து அனுப்பும் அஞ்சலை ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் படித்தால் ஒரு மணி இருபது நிமிடம் ஆள்நேரம் போகிறது. அந்தப் பில் மேலாளருக்கு வருவதே இல்லை. பில்லை அவரிடம் நீட்டாமல், நாற்பது பேருக்கும் வேகமாகப் படிக்கிற கருவியை வாங்கிக் கொடுத்தால் என்ன நடக்கும்? அடுத்த அஞ்சல் எண்பது பேருக்குப் போகும்.

ஹெர்பர்ட் சைமன் இதை 1971இலேயே கண்டுகொண்டார். அவரைக் கணினிக்கு எதிரி என்று யாரும் சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவுத் துறையைத் தொடங்கிய முதல் தலைமுறையில் ஒருவர், 1978இல் பொருளாதார நோபலும் பெற்றவர். தகவல் தின்பது படிப்பவரின் கவனத்தை, ஆகவே தகவல் கூடக் கூடக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று அவர் சொன்னதை எல்லாரும் எடுத்தாள்கிறார்கள். அதே கட்டுரையில் அவர் வைத்த உரைகல்லை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஓர் இயந்திரம் கவனச் சுமையைக் குறைக்க வேண்டுமானால், அது உள்ளே வாங்குவதைவிட வெளியே தள்ளுவது குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. அவர் காட்டிய உதாரணம் அமெரிக்க வெளியுறவுத் துறை. உலகெங்குமுள்ள தூதரகங்களிலிருந்து வந்த செய்திகளில் அந்தத் துறை திணறியது. தீர்வு என்று சொல்லி, மெதுவான டெலிபிரிண்டர்களுக்குப் பதிலாக அதிவேக அச்சு இயந்திரங்களைக் கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். தாள் வேகமாக வரும். அதைப் படிக்க வேண்டிய அதிகாரியின் கண்ணுக்கு வேகம் கூடுமா என்பது சைமனின் கேள்வி.

இன்றைய உதவியாளர்களையும் அதே கல்லில் உரசிப் பார்க்கலாம். ஜிமெயிலில் அஞ்சலை எழுதித் தரும் பொத்தானும் சுருக்கித் தரும் பொத்தானும் ஒரே கடைச் சரக்கு. அனுப்புகிறவர் இரண்டு வரிக் குறிப்பைக் கொடுக்கிறார். இயந்திரம் அதை நான்கு பத்தி மரியாதைக் கடிதமாக ஊதுகிறது. மறுமுனையில் இன்னோர் இயந்திரம் நான்கு பத்தியை இரண்டு வரியாக்குகிறது. நடுவில் மின்சாரமும் சந்தாப் பணமும் செலவாயின. கடைசியில் கைக்கு வந்தது முதலில் எழுதிய அதே இரண்டு வரிதானா என்பதற்கு உத்தரவாதமும் கிடையாது.

இது வெறும் கிண்டல் இல்லை. மருத்துவமனையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்காவில் நோயாளிகள் மருத்துவர்களுக்கு எழுதும் இணையவழிக் கேள்விகள் குவியத் தொடங்கின. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ மருத்துவப் பிரிவு, அவற்றுக்குச் செயற்கை நுண்ணறிவு பதில் வரைவு எழுதித் தரும் முறையைச் சோதித்தது. மருத்துவர் திருத்தி அனுப்பினால் போதும். முடிவு 2024இல் ‘ஜாமா நெட்வொர்க் ஓப்பன்’ இதழில் வந்தது. படிக்கும் நேரம் 21.8 சதவீதம் கூடியிருந்தது, ஏனென்றால் இப்போது கேள்வியோடு வரைவையும் படிக்க வேண்டும். பதில் எழுதும் நேரத்தில் மாற்றமில்லை. பதிலின் நீளமோ 17.9 சதவீதம் ஏறியிருந்தது. வெற்றுத் திரையிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதில் மருத்துவர்களுக்கு ஆறுதல் இருக்கிறது. மனச்சுமை குறைந்ததாக உணர்ந்தார்கள் என்று வேறோர் ஆய்வும் சொல்கிறது. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சைமன் வைத்த உரைகல்லில் இந்த இயந்திரம் தேறவில்லை. வெளியே தள்ளுவது குறைவதற்குப் பதிலாகக் கூடியது, நீண்ட பதிலைப் படிக்கும் பாடு நோயாளிக்கு.

டென்மார்க்கில் 25,000 ஊழியர்களை வைத்துப் பொருளாதார அறிஞர்கள் ஆண்டர்ஸ் ஹும்லும், எமிலி வெஸ்டர்கார்ட் இருவரும் 2025இல் வெளியிட்ட ஆய்விலும் அரட்டை இயந்திரங்களால் மிச்சமான நேரம் சராசரியாகச் சுமார் 3 சதவீதம்தான். அதோடு, இயந்திரத்தால் புதிய வேலைகளும் முளைத்தன. மாணவர் கட்டுரை இயந்திரம் எழுதியதா என்று ஆசிரியர் துழாவுவது அதில் ஒன்று.

அனுப்பும் முனையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். ‘க்ளார்க்ஸ்வோர்ல்ட்’ அமெரிக்காவின் பெயர்பெற்ற அறிவியல் புனைகதை இதழ். 2023 பிப்ரவரியில் அதன் ஆசிரியர் நீல் க்ளார்க் புதிய கதைகள் வாங்குவதையே சில வாரங்கள் நிறுத்தி வைத்தார். இயந்திரம் எழுதிய கதைகள் அத்தனை வந்து விழுந்தன. ‘கர்ல்’ என்ற மென்பொருளின் கதையும் அதேதான். உலகத்துக் கணினிகளிலும் போன்களிலும் காரிலும் டிவியிலும் ஓசையில்லாமல் ஓடும் அந்த மென்பொருளைக் கவனித்துக்கொள்வது ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க்கும் ஒரு சிறு குழுவும். பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு என்று வைத்திருந்தார்கள். இல்லாத ஓட்டையை இருப்பதுபோல் இயந்திரம் ஜோடித்துத் தரும் நீண்ட அறிக்கைகள் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் பொய் என்று நிரூபிக்க அனுபவசாலிகள் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருந்தது. 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தை மூடினார் ஸ்டென்பெர்க். அவர் செயற்கை நுண்ணறிவுக்கு விரோதி இல்லை. அதைக் கொண்டு விவரமானவர்கள் கண்டுபிடித்த உண்மையான பிழைகளை வெளிப்படையாகப் பாராட்டியவர். அறிக்கைகளைச் சுருக்கித் தரும் உதவியாளரைத் தேடி அவர் போகவில்லை. அனுப்பத் தூண்டிய காசை எடுத்துவிட்டார். நோயின் வேர் எங்கே என்று தெரிந்தவர் செய்கிற காரியம்.

இனித் திறமைக்கு வரலாம். 2024 டிசம்பரில் ஐபோன்களில் பிபிசி சின்னத்தோடு ஓர் அறிவிப்பு வந்தது. ஆப்பிள் உதவியாளர் மூன்று செய்திகளை ஒரே வரியில் அடைத்திருந்தது. சிரியாவைப் பற்றிய ஒன்று சரி. தென் கொரிய அதிபர் அலுவலகத்தில் போலீஸ் சோதனை என்ற ஒன்றும் சரி. முதலில் இருந்தது மட்டும் பொய்: நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனத் தலைவரைக் கொன்றதாகக் கைதான லூய்ஜி மாஞ்சியோனி தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று இருந்தது. பிபிசி அப்படி எழுதவே இல்லை. இரண்டு சரியோடு ஒரு பொய் வந்தால் பொய்யும் சரியாகவே தோன்றும். மூன்றுமே உளறலாக இருந்திருந்தால் ஆபத்து குறைவு. அடுத்த மாதம் உலக டார்ட்ஸ் போட்டியின் இறுதி ஆட்டம் நடப்பதற்கு முன்பே லூக் லிட்லரை வெற்றி வீரராக்கியது அதே வசதி. 2025 ஜனவரியில் செய்திச் செயலிகளுக்கு அதை ஆப்பிள் நிறுத்தி வைத்தது.

ஒரு நிறுவனத்தின் சறுக்கல் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் பிபிசியும் வெளியிட்ட ஆய்வில் 18 நாடுகளின் 22 பொது ஊடக நிறுவனங்கள் பங்கெடுத்தன. செய்தி பற்றிய கேள்விகளுக்கு நான்கு முன்னணி உதவியாளர்கள் தந்த பதில்களில் 45 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க கோளாறு ஒன்றாவது இருந்தது. இவை நாளடைவில் திருந்தும் என்பார்கள். திருந்தட்டும். சுருக்கம் சரியா என்று தெரிந்துகொள்ள மூலத்தைப் படித்தாக வேண்டும். படித்தால் சுருக்கம் எதற்கு? ஆயிரத்தில் ஒன்றுதான் தவறு என்றாலும், அந்த ஒன்று எது என்று சுருக்கத்தைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது.

‘எரிதம் (ஸ்பேம்) வடிகட்டியை என்ன சொல்வீர்கள்?’ என்று எதிர்த்தரப்பு இங்கே குறுக்கிடும். நியாயமான கேள்வி, அவர்களிடம் இருப்பதிலேயே வலுவானதும் இதுதான். 2002இல் நிரலாளர் பால் கிரஹாம் நிகழ்தகவுக் கணக்கைக் கொண்டு எரிதத்தைப் பிரிக்கும் வழியைப் பிரபலப்படுத்தியதிலிருந்து வடிகட்டிகள் உண்மையிலேயே உழைத்திருக்கின்றன. அவை இல்லாவிட்டால் மின்னஞ்சல் என்றோ செத்திருக்கும். ஆனால் போலி லாட்டரிக் கடிதம் எல்லாருக்கும் குப்பை. அதைக் கண்டுபிடிக்க உங்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெரியப்பா மகன் மூன்று வருடம் கழித்து அனுப்பும் ‘சும்மாதான், எப்படி இருக்கிறாய்’ என்ற ஒற்றை வரி முக்கியமா என்பது வேறு ஜாதிக் கேள்வி. பழைய பழக்கத்தை வைத்துக் கற்கிற இயந்திரம் அதைக் கீழே தள்ளும். ஏனென்றால் நீங்களும் அவருக்கு மூன்று வருடமாக எழுதவில்லை.

இன்னொன்று, உலகின் மிகச் சிறந்த எரிதம் வடிகட்டிகளில் ஒன்றை வைத்திருக்கும் கூகுளே அது போதாது என்று 2024 பிப்ரவரியில் அனுப்புகிறவர்களிடம் திரும்பியது. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள் தாங்கள் யார் என்பதைத் தொழில்நுட்பரீதியாக நிரூபிக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், புகார் விகிதம் வரம்பு தாண்டக் கூடாது என்று விதி போட்டது. அடையாளம் நிரூபிக்கப்படாத அஞ்சல் 65 சதவீதம் குறைந்ததாக அந்த நிறுவனமே அறிவித்தது.

வாசலில் ஆள் நிறுத்தினால், உள்ளே வர நினைப்பவன் அந்த ஆளைச் சரிக்கட்டத்தான் பார்ப்பான். ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடும் பேராசிரியர்கள் வேலைச் சுமையால் இயந்திரத்திடம் ஒப்படைக்கிறார்கள் என்று தெரிந்ததும், சில கட்டுரையாளர்கள் வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தில், நல்ல மதிப்புரை மட்டும் தரும்படி இயந்திரத்துக்குக் கட்டளை எழுதி ஒளித்து வைத்தார்கள். 2025 ஜூலையில் ஜப்பானின் நிக்கேய் நாளிதழ் எட்டு நாடுகளைச் சேர்ந்த 14 நிறுவனங்களிலிருந்து வந்த 17 கட்டுரைகளில் இதைக் கண்டுபிடித்தது. அதற்கு முந்தைய மாதம் மைக்ரோசாஃப்டின் உதவியாளரான கோபைலட்டில் ‘எக்கோலீக்’ என்ற ஓட்டை வெளியானது. சாமர்த்தியமாக எழுதிய ஓர் அஞ்சலை அனுப்பினால் போதும். அதைப் பெற்றவர் எதையும் சொடுக்காமலே, அவருடைய உதவியாளர் உள்ளே இருக்கும் தகவலை வெளியே எடுத்துக் கொடுக்கும்படி செய்திருக்க முடியும். மைக்ரோசாஃப்ட் அதை அடைத்துவிட்டது. ஆனால் அஞ்சலைப் படிக்கிற இயந்திரத்துக்கு எது செய்தி, எது கட்டளை என்று பிரித்தறியும் வழி இன்னும் உறுதியாகக் கிடைக்கவில்லை.

சரி, எது வேலை செய்தது? ஒரே நோய்க்கு இரண்டு பெரிய நிறுவனங்கள் இரண்டு மருந்து கொடுத்த வழக்கு நம் கையிலேயே இருக்கிறது. இந்தியாவின் ‘குட் மார்னிங்’ படங்கள். ஆவி பறக்கும் காபிக் கோப்பை, பனித்துளி ஒட்டிய ரோஜா, செவ்வாய்க்கிழமை என்றால் வேலோடு முருகன், சனிக்கிழமை என்றால் பெருமாள். விடியுமுன் குடும்பக் குழு, பள்ளித் தோழர் குழு, அடுக்ககக் குழு என்று ஒரே படம் நாலு வழியாக வந்து சேரும். இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு அன்றாடம் போனில் இடம் தீர்ந்துவிடுகிறது என்றும், இந்தப் படங்களுக்கு அதில் பெரும் பங்கு என்றும் 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. கூகுள் கொடுத்தது அறிவார்ந்த மருந்து: 2017 டிசம்பரில் வந்த ‘ஃபைல்ஸ் கோ’ செயலி, படத்தைப் பார்த்தே இது காலை வணக்கம் என்று கண்டுபிடித்து, அழிக்கலாமா என்று கேட்கும். போனில் இடம் கிடைத்தது, உண்மை. மறுநாள் காலை ரோஜா மறுபடி வந்தது.

வாட்ஸப் கொடுத்தது மொண்ணை மருந்து. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியால் அடித்துக் கொல்லப்பட்டவர்களைப் பற்றிய செய்திகள் நாட்டை உலுக்கிய 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரு முறையில் ஐந்து பேருக்கோ குழுவுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி செய்தது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுக்க வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே ஐந்து முறைக்கு மேல் கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கியது. அப்படிப் பலமுறை கைமாறும் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாகச் சில வாரங்களில் அந்த நிறுவனம் சொன்னது. செய்தியில் என்ன இருக்கிறது என்று இந்தத் தடை படிப்பதில்லை. யாருடைய ரசனையையும் கற்றுக்கொள்வதில்லை. எத்தனை கை மாறியது என்று எண்ணுகிறது, அவ்வளவே. அனுப்புகிறவரின் கட்டைவிரலுக்கு வேலை கூடியது, கூட்டம் கலைந்தது. அந்த 70 சதவீதம் வாட்ஸப்பின் சொந்தக் கணக்கு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாஸ்டன் மெடிக்கல் சென்டரில் நடந்ததும் இதே வகை. இதய நோயாளிகள் இருந்த ஒரு வார்டில் மானிட்டர்கள் வாரத்துக்கு 87,823 முறை ஒலித்தன. நாள் முழுக்க ஒலிப்பதால் காது மரத்து, உண்மையான அபாய ஒலியும் கவனிக்கப்படாமல் போவது நர்ஸ்கள் எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. 2009 முதல் 2012 வரை தன்னிடம் பதிவான 98 அலாரச் சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்ததாக அமெரிக்க மருத்துவமனைகளை மதிப்பிடும் ஜாயின்ட் கமிஷன் எச்சரித்தது. பாஸ்டன்காரர்கள் நர்ஸுக்கு உதவியாளர் மென்பொருள் வாங்கித் தரவில்லை. தானே ஒலித்துத் தானே அடங்கும் எச்சரிக்கைகளை எடுத்தார்கள், இதயத் துடிப்பின் எல்லை எண்களை மாற்றி வைத்தார்கள், யாராவது எழுந்து போய்ப் பார்த்தே தீர வேண்டிய ஒலிகளை மட்டும் விட்டார்கள். வாரக் கணக்கு 9,967ஆக இறங்கியது.

அலுவலகத்துக்கும் உதாரணம் உண்டு. 2014இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனம் விடுப்பில் இருக்கும் ஊழியருக்கு வரும் அஞ்சலை, அவர் விரும்பினால், அழித்தேவிடும் முறையைக் கொண்டுவந்தது. அனுப்பியவருக்கு உடனே பதில் போகும்: இவர் விடுப்பில் இருக்கிறார், உங்கள் அஞ்சல் அழிக்கப்படுகிறது, அவசரமென்றால் இன்னாருக்கு எழுதுங்கள். அவசரமில்லாதவர் எழுதமாட்டார். விடுப்பு முடிந்து வருகிறவர் காலியான பெட்டியைத் திறப்பார்.

அனுப்புகிறவரை மடக்குவது நம் நாட்டில் நடக்காது என்பார்கள். உங்கள் போனையே எடுத்துப் பாருங்கள். வங்கியிலிருந்தோ கடையிலிருந்தோ வந்த எஸ்எம்எஸ் தலைப்பின் கடைசியில் ‘பி’, ‘எஸ்’, ‘டி’, ‘ஜி’ என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். விளம்பரம், சேவை, பரிவர்த்தனை, அரசு என்று அனுப்பும்போதே பிரித்துக் காட்ட 2025இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்த விதி அது. 2018 விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் பெயரையும் செய்தி மாதிரியையும் முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும். 1909க்குத் தகவல் கொடுத்தால் விளம்பரம் நிற்க வேண்டும். சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து தொல்லை செய்கிறவர்கள் இன்னும் தப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். விதி ஓட்டை, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் எந்த உதவியாளரும் உங்களை நோட்டமிடாமல், உங்கள் உரையாடலை எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்பாமல், எது விளம்பரம் என்று அனுப்பியவன் வாயாலேயே அந்த விதி சொல்ல வைத்திருக்கிறது.

பார்வையற்றவருக்கு அஞ்சலை வாசித்துக் காட்டும் இயந்திரத்தையோ, ஆங்கில நோட்டீஸைத் தமிழில் விளக்கும் இயந்திரத்தையோ யாரும் எதிர்க்கவில்லை. அவை வாய்ப்புக் கிட்டாதவருக்குத் தகவலைக் கொண்டு சேர்க்கின்றன. சுமையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படுவது வேறு சரக்கு. அதை வாங்கும் கோப்பு, ஆளுக்கு மாதம் இவ்வளவு சந்தா என்ற கணக்கோடு, உங்கள் அலுவலகத்தில் கையெழுத்துக்கு வந்தால் ஒரு பட்டியல் கேளுங்கள்: போன மாதம் அதிகமான பேருக்கு நகல் வைத்து அனுப்பிய பத்துப் பேர் யார்? செயற்கை நுண்ணறிவு எதுவும் வேண்டாம். அந்தக் கணக்கு அஞ்சல் சர்வரின் பதிவேட்டிலேயே இருக்கிறது.